‘அது நார்மல்தான் சார்’

கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டு நோக்கி இறங்கிக்கொண்டிருந்தோம். பெருமாள்மலை தாண்டியாகிவிட்டது. வண்டியை ஓட்டியது நான். பக்கத்து சீட்டில் அப்பா, பின்னால் அம்மாவும் மனைவியும். ஹைப்ரிட் கார் வாங்கி ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து வெகுநேரமாகிவிட்டது. பிரேக்கை மட்டும் தொட்டுத் தொட்டு இறங்கிக்கொண்டிருந்தேன். திடீரென்று இன்ஜின் கத்த ஆரம்பித்தது. சாதாரணச் சத்தம் இல்லை. யாரோ ஆக்ஸிலரேட்டரைத் தரையோடு தரையாக அழுத்தியதுபோல ஓர் அலறல்.

“காலை எடுத்துட்டேல்ல?” என்றார் அப்பா.

“எடுத்துட்டேம்ப்பா.”

“அப்புறம் எதுக்குடா கத்துது?”

என்னிடம் பதில் இல்லை. அப்பா பாண்டியன் ரோட்வேஸ் காலத்திலிருந்து பஸ் ஓட்டியவர். ஏறின கியரிலேயே இறங்கு என்பதை வேதமாகக் கொண்டவர். அவருடைய கை தானாக ஹேண்ட்பிரேக்கைத் தேடியது. அந்தக் காரில் ஹேண்ட்பிரேக் கிடையாது, ஒரு பட்டன்தான் இருக்கிறது. அடுத்த வளைவில் ஓரம்கட்டினேன். இன்ஜின் அடங்கியது. மறுபடி இறங்கினால் மறுபடி கத்தியது. காட்ரோடு வந்து சமவெளியைத் தொடும்வரை நான்கு பேரும் பேசவில்லை.

திங்கட்கிழமை மதுரையில் சர்வீஸ் சென்டருக்குப் போனேன். எந்தக் கம்பெனி, எந்தக் கிளை என்பதெல்லாம் வேண்டாம். எல்லா இடத்திலும் இதே பதில்தான் கிடைத்திருக்கும். அட்வைசர் தம்பி மரியாதையாகச் சொன்னான்: “அது நார்மல்தான் சார். ஹைப்ரிட்ல அப்படித்தான் இருக்கும்.”

“ஏன் அப்படி இருக்கும்?”

“சிஸ்டமே கன்ட்ரோல் பண்ணிக்கும் சார். நீங்க கவலைப்படாதீங்க.”

இந்தக் கட்டுரை காருக்கு எதிரானது அல்ல. அந்த வாக்கியத்துக்கு எதிரானது.

*

முதலில் காருக்கு நியாயம் செய்துவிடுகிறேன். அன்றைக்கு அந்தக் கார் செய்தது நூற்றுக்கு நூறு சரி. வீட்டுக்கு வந்து கால்குலேட்டரை எடுத்து உட்கார்ந்தபோதுதான் எனக்கே புரிந்தது.

ஆட்களோடு சேர்த்து வண்டி சுமார் 1,600 கிலோ. கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். அடிவாரம்வரை ஏறத்தாழ 1,800 மீட்டர் இறக்கம். பள்ளிக்கூடக் கணக்குதான்: எடை, ஈர்ப்பு, உயரம் மூன்றையும் பெருக்கினால் கிட்டத்தட்ட 8 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான ஆற்றல். ஹைப்ரிட் கார் இறங்கும்போது மோட்டாரை ஜெனரேட்டராக மாற்றி அந்த ஆற்றலைப் பேட்டரியில் சேமிக்கிறது. ஆனால் இந்த வகைக் காரின் பேட்டரி சிறியது, சுமார் ஒரு யூனிட் கொள்ளும். அதிலும் முழுதாக நிரப்பவோ முழுதாகக் காலிசெய்யவோ கம்ப்யூட்டர் விடாது, பேட்டரி ஆயுள் போய்விடும். கொஞ்சத்தைக் காற்றும் டயரும் தின்னும். மிச்சம் எங்கே போவது? எல்லாவற்றையும் பிரேக் பேடுதான் தாங்க வேண்டும் என்றால் அது சூடேறிப் பிடிமானம் போய்விடும். அதனால் பேட்டரி நிரம்பியதும் கம்ப்யூட்டர் ஒரு வேலை செய்கிறது. வருகிற மின்சாரத்தை இன்னொரு மோட்டாருக்குத் திருப்பி, அதைக் கொண்டு பெட்ரோலே இல்லாமல் இன்ஜினைச் சுழற்றுகிறது. காற்றை இழுத்து அமுக்கி வெளியே தள்ளுவதில் அந்த ஆற்றல் செலவாகிறது. அந்த வெட்டிச் சுழற்சிதான் நாங்கள் கேட்ட அலறல்.

அதாவது, அப்பா நாற்பது வருஷமாகச் செய்ததைத்தான் கம்ப்யூட்டரும் செய்தது. ஏறின கியரில் இறங்குவது என்பதும் இன்ஜினைக் கொண்டு வண்டியைப் பிடித்துவைப்பதுதானே. இரண்டு டிரைவர்களும் ஒரே முடிவைத்தான் எடுத்திருக்கிறார்கள். ஒருவர் என்ன செய்கிறார் என்பதை இன்னொருவருக்குச் சொல்ல ஆள் இல்லை. அவ்வளவுதான் பிரச்சினை. அவ்வளவுதான் என்று நான் சொல்வதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மலை இறக்கத்தில் பயந்துபோன ஓட்டுநர் என்ன செய்வான் என்று எந்தக் கம்ப்யூட்டராலும் கணிக்க முடியாது.

*

ஹைப்ரிட் கார் வாங்குகிறேன் என்றதும் எனக்குக் கிடைத்த அறிவுரைகள் இரண்டு கட்சிகளாகப் பிரிந்தன.

முதல் கட்சி பெரியப்பாக்கள் கட்சி. “எலெக்ட்ரானிக்ஸ் நிறைய இருந்தா ரிப்பேரும் நிறைய. பழைய டீசல் வண்டி மாதிரி வராது.” இவர்களுக்கு என் பதில்: நீங்கள் ஏற்கெனவே கம்ப்யூட்டரை நம்பித்தான் ஓட்டுகிறீர்கள். கார்பரேட்டர் போய் எம்பிஎஃப்ஐ வந்த நாளிலிருந்தே பெட்ரோலை அளந்து ஊற்றுவது கம்ப்யூட்டர்தான். 2019 ஏப்ரலிலிருந்து இந்தியாவில் விற்கும் எல்லாப் புதுக் கார்களிலும் ஏபிஎஸ் கட்டாயம். அதுவும் கம்ப்யூட்டர்தான். மழை பெய்த மறுநாள் வைகைப் பாலத்து இறக்கத்தில் சறுக்காமல் நின்றது உங்கள் கால் திறமையால் அல்ல. அந்தப் பெட்டி நொடிக்குப் பலமுறை பிரேக்கை விட்டுவிட்டுப் பிடித்ததால்தான்.

கோரிப்பாளையத்திலோ காளவாசலிலோ சாயங்காலம் ஆறு மணிக்கு மாட்டிப் பாருங்கள், ஹைப்ரிட் எதற்கு என்று தெரியும். பத்தடி நகர்ந்து நிற்கும் நெரிசலில் இன்ஜின் அணைந்தே கிடக்கிறது. மோட்டார் இழுக்கிறது, நிற்கும்போது பிரேக்கிலிருந்து கொஞ்சம் மின்சாரம் திரும்ப வருகிறது. சாதாரண பெட்ரோல் கார் பெட்ரோலை வீணாக்கும் அதே இடத்தில்தான் இது மிச்சம் பிடிக்கிறது. டேங்க் நிரப்பி, கிலோமீட்டர் எழுதி, மறுபடி நிரப்பி நான் போட்ட கணக்கில் மதுரைக்குள் லிட்டருக்கு 21 வருகிறது. பழைய காரில் 14-ஐத் தாண்டியதில்லை. ஆனால் இதையும் சொல்லிவிடுகிறேன்: மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டினால் மிச்சம் சுமார் 24 லிட்டர், லிட்டர் நூறு ரூபாய் என்றால் 2,400 ரூபாய். ஹைப்ரிட்டுக்காக நான் கூடுதலாகக் கொடுத்தது மூன்று லட்சம். கைக்குத் திரும்ப வர பத்து வருஷம். ‘பெட்ரோல் காசு மிச்சம்’ என்று ஷோரூமில் சொல்பவர்கள் இந்தப் பத்து வருஷத்தைச் சொல்வதில்லை. பத்து வருஷம் வைத்திருந்தால்தான் லாபம் என்கிற ஒரு பொருளை, பத்து வருஷமும் ஒரே ஒரு கடையில்தான் பழுதுபார்க்க முடியும் என்றால் அது என்ன வியாபாரம்? இந்தக் கேள்விக்குப் பிறகு வருகிறேன்.

இரண்டாவது கட்சி என் கட்சி. மென்பொருள்காரர்கள். “மச்சி, மனுஷனை விட கம்ப்யூட்டர் பெட்டர். அது முடிவெடுக்கட்டும், நீ சும்மா உட்காரு.” பெரியப்பாக்களை விட எனக்கு இவர்கள் மீதுதான் கோபம். பெரியப்பாவுக்குத் தெரியாது. நமக்குத் தெரியும். நிரல் எப்படி எழுதப்படுகிறது, எத்தனை மணிக்கு எழுதப்படுகிறது, டெஸ்டிங்கில் எது விடுபடுகிறது, வெள்ளிக்கிழமை சாயங்காலம் எது எப்படிப் போகிறது என்று எல்லாம் தெரிந்த நாமே ‘சிஸ்டம் பார்த்துக்கும்’ என்று சொன்னால், சமையல்காரனே தன் சமையலைச் சாப்பிடும் முன் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்கிற மாதிரி.

*

கொடைக்கானல் போய்வந்து எட்டு மாதம் கழித்து நடந்தது இது. திருச்சியில் ஒரு விசேஷம் முடித்து மதுரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். இரவு ஒன்பதரை. கொட்டாம்பட்டிக்குக் கொஞ்சம் முன்னால், நான்குவழிச் சாலையில், திரையில் சிவப்பாக ஒரு வரி: ஹைப்ரிட் சிஸ்டம் பழுது, பாதுகாப்பான இடத்தில் நிறுத்தவும். வண்டி தானாக வேகம் குறைந்து முப்பதுக்கு வந்துவிட்டது. பின்னால் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டே ஒதுங்கின. ஒரு டீக்கடை வெளிச்சம் தெரிந்த இடத்தில் ஒதுக்கினேன். அணைத்துப் போட்டால் மறுபடி ஸ்டார்ட் ஆகவில்லை. ரெக்கவரி வண்டி வர இரண்டரை மணி நேரம். எழுபது வயது அம்மாவுக்கு அந்த இரண்டரை மணி நேரம் எப்படிப் போனது என்பதை எழுதப்போவதில்லை. கழிப்பறை இல்லாத நெடுஞ்சாலையில் அம்மாவோடு போனவர்களுக்குத் தெரியும்.

மூன்றாம் நாள் சர்வீஸ் சென்டரிலிருந்து போன். “வண்டி ரெடி சார். சாஃப்ட்வேர் அப்டேட் பண்ணியாச்சு.”

ஜாப் கார்டில் ஒரே வரி, அதே வார்த்தைகள். எந்த எர்ரர் கோடு வந்தது என்று கேட்டேன். “அதைக் கஸ்டமருக்குக் கொடுக்கக்கூடாது சார்.” அப்டேட்டில் என்ன மாறியது என்று கேட்டேன். “அது கம்பெனியிலேர்ந்து வரும் சார், எங்களுக்கே தெரியாது.” அவன் பொய் சொல்லவில்லை. அவனுக்கு உண்மையிலேயே தெரியாது. லேப்டாப்பை மாட்டுகிறான், பச்சை டிக் வருகிறது, கழற்றுகிறான். கம்பெனிக்கு மின்னஞ்சல் போட்டேன். பதினோரு நாள் கழித்துப் பதில்: உங்கள் வாகனம் எங்கள் தரக்கட்டுப்பாட்டுக்கு உட்பட்டு இயங்குகிறது.

அந்த வரியைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது வெட்கம். ஏனென்றால் அந்த மாதிரி வரியை எழுதிச் சம்பளம் வாங்குகிறவன் நான்.

சில வருஷங்களுக்கு முன்பு, மாதத் தவணை வசூலிக்கும் ஒரு செயலியில் எங்கள் குழு ஒரு தவறு செய்தது. சிலருடைய கணக்கிலிருந்து ஒரே தவணை இரண்டு தடவை போய்விட்டது. இரண்டு நாளில் கண்டுபிடித்துத் திருத்தினோம், பணத்தைத் திருப்பினோம். திருத்திய பதிப்பை வெளியிடும்போது ‘என்ன மாறியது’ என்ற பெட்டியில் ஒரு வரி எழுத வேண்டும். நான்தான் எழுதினேன்: ‘சிறு பிழைகள் சரிசெய்யப்பட்டன, செயல்திறன் மேம்படுத்தப்பட்டது.’ அந்த இரண்டு நாளில் கணக்கில் பணம் இல்லாமல் ஒரு செக் திரும்பியிருக்கலாம், ஒரு பள்ளிக் கட்டணம் தள்ளிப்போயிருக்கலாம். அவர்களுக்கு நான் சொன்னது ‘சிறு பிழை’. மேலாளர் கட்டாயப்படுத்தவில்லை. பழக்கம். எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள்.

கைபேசியில் நாம் பழக்கிய இந்தப் பழக்கம் இப்போது 1,400 கிலோ இரும்புக்குள் ஏறி உட்கார்ந்து நெடுஞ்சாலையில் போகிறது.

*

ஹைப்ரிட் காரில் பிரேக்கை மிதிக்கும்போது நீங்கள் பிரேக்கை மிதிக்கவில்லை, ஒரு விண்ணப்பம் போடுகிறீர்கள். எவ்வளவு அழுத்தினீர்கள் என்று சென்சார் அளக்கிறது. அதில் எவ்வளவை மோட்டார் பிடிக்கட்டும், எவ்வளவை டிஸ்க் பிடிக்கட்டும் என்று கம்ப்யூட்டர் பிரித்துக் கொடுக்கிறது. உங்கள் காலுக்குப் பழைய பிரேக் போலவே தெரிய வேண்டும் என்பதற்காகப் பெடலுக்கு அடியில் ஒரு பாவனை எதிர்விசை வைத்திருக்கிறார்கள். எல்லாம் செயலிழந்தாலும் நேரடியாக ஆயில் அழுத்தத்தில் பிரேக் பிடிக்க மாற்றுவழி உண்டு. நல்ல வடிவமைப்புதான். ஆனால் அந்தப் பங்கீட்டில் ஒரு கண நேரத் தடுமாற்றம் வந்தால்?

வந்திருக்கிறது. 1997 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டொயோட்டா பிரியஸ்தான் உலகில் முதன்முதலாகப் பெரிய அளவில் தயாரான ஹைப்ரிட் கார். அதன் மூன்றாம் தலைமுறை காரில், மேடுபள்ளமான அல்லது வழுக்கும் சாலையில் ஏபிஎஸ் வேலைசெய்யும்போது ஒரு கணம் பிரேக் விட்டுப்போவதுபோல் இருக்கிறது என்று புகார்கள் வந்தன. 2010 பிப்ரவரியில் அந்த நிறுவனம் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட ஹைப்ரிட் கார்களைத் திரும்ப அழைத்து மென்பொருளை மாற்றியது. அதில் கவனிக்க வேண்டியது இன்னொன்று. அதற்கு முந்தைய மாதமே தொழிற்சாலையிலிருந்து வெளிவரும் புதுக் கார்களில் அந்த மென்பொருளைத் திருத்திவிட்டார்கள். ஏற்கெனவே வாங்கி ஓட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு அது பிறகுதான் தெரிந்தது. 2014 பிப்ரவரியில் அதே பிரியஸ் 19 லட்சம் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. ஹைப்ரிட் கட்டுப்பாட்டு மென்பொருள் டிரான்சிஸ்டர்களைச் சூடாக்கி, வண்டி வேகம் குறைந்துபோகவோ நின்றுபோகவோ வாய்ப்பிருந்தது. கொட்டாம்பட்டியில் எனக்கு நடந்தது இதுவா என்று கேட்காதீர்கள். என்ன நடந்தது என்று எனக்குச் சொல்லப்படவில்லை என்பதுதான் என் வழக்கே.

தவறு நடந்தது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. நிரல் என்றால் பிழை இருக்கும். வெளியே சொல்லப்பட்டதால், ஊரறியத் திரும்ப அழைக்கப்பட்டதால், இன்று நம்பி வாங்க முடிகிற கார்களாக அவை இருக்கின்றன. நம்பிக்கை அப்படித்தான் வளர்கிறது.

சொல்லப்படாதபோது என்ன ஆகும் என்பதற்கும் கதை இருக்கிறது. 2009-10-இல் அமெரிக்காவில் டொயோட்டா கார்கள் தானாக வேகமெடுக்கின்றன என்று பெரிய கலவரம். நாசா பொறியாளர்களைக் கொண்டு அரசு ஆராய்ந்தது. 2011 பிப்ரவரியில் வந்த அறிக்கை, அப்படிப் பெரிதாக வேகமெடுக்க வைக்கும் மின்னணுக் கோளாறு எதுவும் கிடைக்கவில்லை என்றது. மிதியடி சிக்கியது, பெடல் ஒட்டிக்கொண்டது, கால் மாற்றி மிதித்தது என்பவையே காரணங்களாகச் சொல்லப்பட்டன. கம்ப்யூட்டர் கட்சிக்காரர்கள் இங்கேயே கதையை முடித்துக்கொள்வார்கள். முடியவில்லை. 2007-இல் ஓக்லஹோமாவில் நடந்த ஒரு கேம்ரி விபத்து வழக்கில் மைக்கேல் பார் என்ற மென்பொருள் நிபுணர் சாட்சி சொன்னார். இணையம் இல்லாத, காவல் போட்ட ஓர் அறைக்குள் அந்தக் காரின் மூல நிரலைப் படிக்க அவர் குழுவுக்கு அனுமதி கிடைத்திருந்தது. எங்கிருந்து வேண்டுமானாலும் மாற்றக்கூடிய பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பொது மாறிகள். ஒரு வேலை செத்துப்போனால் அதைப் பிடிக்கவேண்டிய காவல் ஏற்பாட்டில் ஓட்டை. நம்மில் யாராவது இப்படி எழுதினால் சீனியர் அன்றைக்கே கூப்பிட்டு உட்காரவைப்பார். 2013 அக்டோபரில் ஜூரி நிறுவனத்துக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது.

நாசா சரியா, பார் சரியா என்று பொறியாளர்கள் இன்றும் சண்டை போடுகிறார்கள். அந்தச் சண்டை நல்லது. உள்ளே பார்த்ததால்தான் அந்தச் சண்டையே சாத்தியம் ஆகிறது. பார்க்க ஒரு மரணமும் ஒரு நீதிமன்றமும் தேவைப்பட்டது என்பதுதான் அவமானம்.

மதுரைக்காரர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டுமா? பொற்கொல்லன் வாயில் வந்ததை நம்பிய அரசன், சிலம்பைத் திறந்துபார்க்கச் சொல்லியிருந்தால் போதும். உள்ளே இருப்பது முத்தா மாணிக்கமா என்ற கேள்விக்குத் திறந்துபார்ப்பதைத் தவிர வேறு வழியே இல்லை. கோவலன் செத்தபிறகு உடைத்தார்கள்.

உள்ளே விடாவிட்டால் வெளியிலிருந்தாவது அளக்கலாம். மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் டேனியல் கார்டர் தலைமையில் ஒரு சிறு குழு இருந்தது. அதில் ஹேமந்த் கப்பண்ணா, அரவிந்த் திருவேங்கடம், மார்க் பெஷ் என்று மூன்று இளைஞர்கள். 2013-இல் ஃபோக்ஸ்வாகன் டீசல் காரின் பின்பக்கம் புகை அளக்கும் கருவியை ஏற்றிக்கொண்டு ரோட்டில் ஓட்டிப் பார்த்தார்கள். ஆய்வகத்தில் ஒழுங்காக இருந்த ஜெட்டா, ரோட்டில் அனுமதித்த அளவைப்போல 15 முதல் 35 மடங்கு நைட்ரஜன் ஆக்ஸைடுகளைக் கக்கியது. சோதனை நடக்கிறது என்று கண்டுகொண்டால் மட்டும் நல்ல பிள்ளையாக நடிக்கும்படி நிரல் எழுதியிருந்தார்கள். 2015 செப்டம்பரில் குட்டு வெளிப்பட்டது. உலகம் முழுக்க 1.1 கோடி கார்கள். அந்த வரிகளை எழுதியதும் நம்மைப்போல் சம்பளம் வாங்கும் யாரோ ஒரு பொறியாளர்தான்.

நம் ஊர் மைலேஜ் கணக்கில் இப்படி மோசடி என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த மைலேஜ் எண் எப்படி வருகிறது என்று வாங்குகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஆய்வகத்தில் உருளைகள் மேல் வண்டியை நிறுத்தி, வகுத்த வரிசையில், அதிகபட்சம் 90 கிலோமீட்டர் வேகத்தில், ஏசியை அணைத்துவிட்டு ஓட்டி எடுப்பது. அக்னி நட்சத்திரத்தில் ஏசி போடாமல் மாட்டுத்தாவணியிலிருந்து திருமங்கலம்வரை ஓட்டத் தயார் என்பவர்கள் அந்த எண்ணை நம்பலாம்.

*

தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் எங்கள் பழைய காரைப் பார்த்துக்கொண்ட மெக்கானிக் அண்ணன் இருக்கிறார். கொட்டாம்பட்டிக்குப் பிறகு அவரிடம் வண்டியைக் கொண்டுபோனேன். பானெட்டைத் திறந்து பார்த்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“ஆரஞ்சு கலர் வயரு தம்பி. தொடாதண்டு எழுதியிருக்கு.”

உயர் மின்னழுத்தக் கம்பிகள். தொட்டால் உயிர் போகும். அவர் கை கட்டியது சரி. நாற்பதாயிரம் கொடுத்து அவர் வாங்கிவைத்திருக்கும் ஸ்கேனரை மாட்டினோம். பொதுவான சில கோடுகளைக் காட்டியது. ஹைப்ரிட் பெட்டிக்குள் நுழையவில்லை.

“கார்பரேட்டர்ல இருந்து எம்பிஎஃப்ஐ வந்தப்பயும் எல்லாப் பயலும் பட்டறையை மூடணும்ண்டுதான் சொன்னாய்ங்க. கத்துக்கிட்டமா இல்லையா? இதையும் சொல்லிக்குடுத்தா கத்துக்கமாட்டமா? சொல்லிக்குடுக்க மாட்டேங்கிறாய்ங்களே தம்பி.”

அண்ணன் புலம்பவில்லை, சட்டம் பேசுகிறார். 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் இதையேதான் சொன்னது. உதிரி பாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்காமல் கட்டுப்படுத்தியதற்காக 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. பிறகு மேல்முறையீடுகள் நடந்தன. 2022-இல் ஒன்றிய அரசு ‘பழுதுபார்க்கும் உரிமை’க்கு ஒரு குழு அமைத்தது, இணையதளமும் திறந்தது. வாகனங்களும் அதன் பட்டியலில் உண்டு. தெப்பக்குளம் பட்டறைக்கு இன்னும் எதுவும் வந்து சேரவில்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012-லேயே மக்கள் ஓட்டுப்போட்டு இந்த உரிமையை வாங்கிவிட்டார்கள்.

இந்த ஊருக்குப் பெட்ரோலை மிச்சம் பிடிக்கும் வண்டி புதிதல்ல. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தபோது மதுரை டிவிஎஸ் கரிவாயு எந்திரங்களைச் செய்து பஸ்களில் பொருத்தியது. பின்னால் ஓர் அடுப்பு, அதில் கரி, அதிலிருந்து வரும் வாயுவில் பஸ் ஓடும். புகையும் சூடும் விஷவாயுவுமாக அது ஒன்றும் சொர்க்கம் இல்லை. எனக்கு அந்தக் காலத்து ஏக்கமும் இல்லை. ஆனால் ஏன் வண்டி இழுக்கவில்லை என்று கிளீனருக்கும் தெரியும், பின் சீட்டில் உட்கார்ந்திருக்கும் பயணிக்கும் தெரியும். அதைவிட நூறு மடங்கு சிறந்த வண்டியில் உட்கார்ந்திருக்கும் எனக்குத் தெரியவில்லை.

“நிரலைத் திறந்துவிட்டால் கண்டவன் கைவைப்பான், விபத்தாகும்” என்பார்கள். மாற்ற உரிமை கேட்கவில்லை, பார்க்க உரிமை கேட்கிறேன். “சாதாரண ஆளுக்கு அந்தக் கோடெல்லாம் புரியுமா?” என்பார்கள். ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் எனக்குப் புரியாது. ஆனாலும் லேபில் அதை என் கையில் கொடுத்துவிடுகிறார்கள். பிளாஸ்டிக் கவரில் போட்டு இன்னொரு டாக்டரிடம் எடுத்துக்கொண்டு போகிறேன். ‘உங்களுக்குப் புரியாது, எல்லாம் நார்மல்’ என்று சொல்லி ரிப்போர்ட்டை வைத்துக்கொள்ளும் லேபுக்கு யாராவது இரண்டாம் முறை போவோமா?

அதனால் கேட்பது பெரிதாக எதுவுமில்லை. எர்ரர் கோடு வந்தால் அதை அச்சடித்து உரிமையாளர் கையில் கொடு. மென்பொருளை மாற்றினால் என்ன தவறு இருந்தது, என்ன மாறியது, ஓட்டும்போது என்ன வித்தியாசம் தெரியும் என்று தமிழில் அரைப்பக்கம் எழுதிக்கொடு. நியாயமான விலைக்கு ஸ்கேனரையும், ஆரஞ்சு வயரைப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சியையும் வெளிப் பட்டறைக்குக் கொடு. ஹைப்ரிட் வாங்கும் நண்பர்கள் கையெழுத்துப் போடுவதற்கு முன் இந்த மூன்றையும் கேளுங்கள். கிடைக்காது. ஆனாலும் கேளுங்கள், ஒவ்வொருவரும் கேளுங்கள். மியூசிக் சிஸ்டத்துக்குப் பேரம் பேசும் நேரத்தில் பாதி போதும்.

இதைப் படிக்கும் மென்பொருள்காரர்களுக்குத் தனியாக: அடுத்த முறை ‘சிறு பிழைகள் சரிசெய்யப்பட்டன’ என்று தட்டும்முன் எந்தப் பிழை என்று எழுதுங்கள். இப்போது என் குழுவில் நான் எழுதுகிறேன். இரண்டு தடவை மேலிடத்தில் அழித்தார்கள். மூன்றாம் தடவை அழிக்கவில்லை.

*

இந்த வருஷமும் கொடைக்கானல் போனோம். போவதற்கு முன்பு ஒருநாள் ஒரு தாளில் படம் போட்டு அப்பாவுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். பேட்டரி, இரண்டு மோட்டார், எட்டு யூனிட் கணக்கு. குறுக்கே இரண்டு கேள்வி கேட்டார், இரண்டும் நல்ல கேள்விகள். இறங்கும்போது பெருமாள்மலைக்குக் கீழே அதே இடத்தில் இன்ஜின் அலறியது. அப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே, “சார்ஜ் ரொம்பிருச்சு போல” என்றார். அம்மா தூங்கிக்கொண்டிருந்தார்.

போன மாதம் திருச்சியிலிருந்து திரும்பும்போது கொட்டாம்பட்டி வந்தது. அப்பா பேச்சை நிறுத்திவிட்டு, ஜன்னலுக்கு மேலே இருக்கும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். டீக்கடை வெளிச்சம் பின்னால் போகும்வரை விடவில்லை. பிறகு கேட்டார்:

“அன்னைக்கு என்னத்தடா மாத்துனாய்ங்க?”

“தெரியலப்பா” என்றேன்.